அபூ ஹுபாஹிபின் நெருப்பு: மின்மினியின் பெயர்கள் பற்றிய ஒரு சொல்லாய்வு

அல்குர்ஆனின் 100ஆவது அத்தியாயமாகிய அல்ஆதியாத், மூச்சிரைக்க விரைந்தோடும் குதிரைகளின் மீது சத்தியமிட்டுத் தொடங்குகிறது. அதன் இரண்டாம் வசனம், குளம்புகளால் தீப்பொறி பறக்கச் செய்பவற்றைக் குறிப்பிடுகிறது. இவ்வசனத்திற்கு விரிவுரை எழுதிய இமாம் ஸமக்ஷரீ (இறப்பு ஹிஜ்ரி 538) தமது அல்கஷ்ஷாஃபில், குளம்பு கல்லில் உரசும்போது தெறிக்கும் அப்பொறிக்கு ‘நாருல் ஹுபாஹிப்’, அதாவது ஹுபாஹிபின் நெருப்பு என்று பெயர் சொல்கிறார். அரபுக் கல்லூரிகளில் தஃப்ஸீர் பாடம் பயின்றோர் பலரும் இச்சொல்லைக் கடந்து வந்திருப்பர். கடந்து வந்திருப்பர் என்றுதான் சொல்ல முடியும். நின்று பார்த்தோர் சிலரே.

நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே கடந்து சென்றவர்தாம். ஹுபாஹிப் என்பவன் அறியாமைக் காலத்துக் கஞ்சன் ஒருவன். அவன் மூட்டிய நெருப்பால் எவருக்கும் பயனில்லை. பயனற்ற தீப்பொறிக்கு அவன் பெயரை இட்டனர் என்று இரண்டு வாக்கியங்களில் பாடத்தை முடித்துவிடுவோம். ஓராண்டு, வயல் சூழ்ந்த சிற்றூரிலிருந்து வந்து ஓதிய மாணவர் ஒருவர் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். “ஹஸ்ரத், இதில் இரவில் பறக்கும் பூச்சி என்றும் போட்டிருக்கிறதே, இது எங்கள் ஊர் மின்மினிதானா?” என்று வினவினார். “இல்லை, அது ஓர் ஆளின் பெயர்” என்று கூறி அவரை அமரச் செய்தோம். அன்று இரவு லிஸானுல் அரபைப் புரட்டியபோதுதான், மாணவர் சொன்னது சரி, நாம் சொன்னது அரைகுறை என்பது விளங்கிற்று. அந்த அரைகுறையை நிறைவு செய்யும் முயற்சியே இக்கட்டுரை.

உலகம் இட்ட பெயர்கள்

அரபுச் சொல்லுக்குச் செல்லுமுன், பிற மொழியினர் இச்சிற்றுயிரை எவ்வாறு அழைத்தனர் என்பதைச் சுருக்கமாகக் காண்போம். பெயரிட்டவர் எதைக் கண்டார் என்பதைப் பெயரே காட்டிக்கொடுக்கும்.

சிலர் அதில் விளக்கைக் கண்டனர். கிரேக்கர் ‘லாம்புரிஸ்’ என்றனர். விளங்குதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்த சொல் அது. இன்றைய விலங்கியலார் இக்குடும்பத்திற்கு இட்டுள்ள ‘லாம்பிரிடே’ என்னும் பெயரும் அதன் வழி வந்ததே. விளக்கைக் குறிக்கும் ‘லுசேர்னா’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து ஸ்பானியரின் ‘லுசியேர்னகா’ வந்தது. அரபிலும் ‘ஸிராஜுல் லைல்’, இரவின் விளக்கு, என்னும் பெயர் வழங்குகிறது.

சிலர் நெருப்பைக் கண்டனர். துருக்கியர் ‘ஆதெஷ் பொஜெயி’ என்பர். நெருப்பைக் குறிக்கும் பாரசீகச் சொல்லும் பூச்சியைக் குறிக்கும் துருக்கியச் சொல்லும் இணைந்த பெயர் இது. ஆங்கிலேயரின் ‘ஃபயர்ஃபிளை’ நெருப்பு ஈ. சிலர் வானொளியைக் கண்டனர். சமஸ்கிருதத்தின் ‘கத்யோதம்’ வானில் ஒளிர்வது என்னும் பொருளது. தமிழகராதிகளில் காணப்படும் ‘கச்சோதம்’ அதன் தமிழ் வடிவமே.

பாரசீகரும், பிரெஞ்சுக்காரரும், ஜெர்மானியரும் இதனைப் புழு என்றனர். பாரசீகத்தில் ‘கிர்மே ஷப்தாப்’, இரவில் ஒளிரும் புழு. பிரெஞ்சில் ‘வேர் லுயிஸான்’, ஒளிரும் புழு. உண்மையில் இது ஈயுமன்று, புழுவுமன்று, வண்டினம். எனினும் புழுவென்றோர் அறியாது சொன்னவரல்லர். ஐரோப்பாவிலும் ஆசியாவின் குளிர்ந்த பகுதிகளிலும் காணப்படும் ஓர் இனத்தில் பெண்ணுக்குச் சிறகில்லை. அது புல்லில் ஊர்ந்தபடியே ஒளிவிடும். ஊர்வதைக் கண்டவர் புழு என்றனர். பறப்பதைக் கண்டவர் ஈ என்றனர்.

இவற்றுள் நம் கருத்தை மிகவும் ஈர்ப்பது மற்றொரு வகை. தமிழில் மின்மினி, மலையாளத்தில் மின்னாமினுங்கு, மலாய் மொழியில் ‘கெலிப் கெலிப்’, கிழக்காப்பிரிக்க முஸ்லிம்களின் ஸ்வாஹிலி மொழியில் ‘கிமுலிமுலி’. இவை யாவும் ஓசையை இரட்டித்து அமைந்தவை. ஒரு முறை மின்னுவதை நெருப்பென்றும் விளக்கென்றும் சொல்லலாம். மின்னி, அணைந்து, மீண்டும் மின்னுவதைச் சொல்ல நாவும் ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றோடொன்று உறவில்லாத மொழிகள் இவ்விடத்தில் ஒரே வழியைக் கண்டுள்ளன. அவ்வரிசையில்தான் அரபின் ‘ஹுபாஹிப்’ என்பதையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஹா, பா, மீண்டும் ஹா, பா என்பதே அதன் மூலவெழுத்துகளின் அடுக்கு.

அரபு இலக்கண மேதை இப்னு ஜின்னீ (இறப்பு ஹிஜ்ரி 392) தமது அல்கஸாயிஸ் நூலில் ஓசைக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆராய்கையில், ஈரெழுத்து இரட்டித்து வரும் நான்கெழுத்து வேர்ச்சொற்கள் திரும்பத் திரும்ப நிகழும் செயலைக் குறிக்கும் என்பதை எடுத்துக்காட்டியுள்ளார். ஸஃஸஆ, கல்கலா, ஸல்ஸலா என்பன அவர் தரும் சான்றுகளுள் சில. அல்குர்ஆனை ஓதுவோர் இதனை எளிதில் உணர்வர். பூமி மீண்டும் மீண்டும் குலுங்குவது ‘ஸல்ஸலா’. ஷைத்தான் உள்ளத்தில் ஓயாது ஊசலாட்டத்தைப் போடுவது ‘வஸ்வஸா’. மின்மினியின் பெயரும் இவ்வாய்பாட்டிற்கு அயலானதன்று.

அகராதிகளின் சாட்சியம்

இப்னு மன்ழூர் (இறப்பு ஹிஜ்ரி 711) தமது லிஸானுல் அரபில் இச்சொல்லுக்கு மூன்று பொருள்களைத் தொகுத்துத் தருகிறார். கற்கள் மோதுவதால் காற்றில் தெறிக்கும் பொறி என்பது ஒன்று. இரவில் நெருப்பைப் போலப் பறக்கும், விளக்கைப் போல் கதிர் வீசும் ஈ என்பது மற்றொன்று. முஹாரிப் குலத்தைச் சேர்ந்த அபூ ஹுபாஹிப் என்னும் கஞ்சன் என்பது மூன்றாவது. தன் நெருப்பைப் பிறர் கண்டுவிடலாகாதே என்று மெல்லிய சுள்ளிகளால் மட்டுமே அவன் அடுப்பு மூட்டுவானாம். ‘ஹப்ஹபா’ என்பதற்கு நலிவு என்னும் பொருள் உண்டு. அதிலிருந்து இது பிறந்தது என்போரின் கூற்றும் அங்கே பதிவாகியுள்ளது.

இமாம் குர்துபீ (இறப்பு ஹிஜ்ரி 671) தமது தஃப்ஸீரில் இக்கஞ்சனின் கதையைச் சற்று வேறாகச் சொல்கிறார். அவன் முழர் வழியினரைச் சேர்ந்த முதியவன். ஊரார் கண்ணுறங்கும்வரை ரொட்டி சுடவும் நெருப்பு மூட்டமாட்டான். பிறகு மூட்டும் சிறு நெருப்போ ஒருகணம் எரியும், மறுகணம் அணையும். எவரேனும் விழித்துவிட்டால், அவர் பயன்பெற்றுவிடுவாரே என்று உடனே அவித்துவிடுவான்.

இக்கதையின் கூர்மையை உணர, அரபியர் வாழ்வில் நெருப்பு பெற்றிருந்த இடத்தை அறிதல் வேண்டும். அல்ஜாஹிழ் (இறப்பு ஹிஜ்ரி 255) தமது கிதாபுல் ஹயவானில் அரபியரின் நெருப்புகளை வகைப்படுத்திப் பேசுகிறார். உடன்படிக்கை செய்வோர் மூட்டும் நெருப்பு, மழை வேண்டி மூட்டும் நெருப்பு, போர் அறிவிக்கும் நெருப்பு எனப் பல உண்டு. அவற்றுள் மிக உயர்வாகப் பாடப்பட்டது ‘நாருல் கிரா’, விருந்தோம்பலின் நெருப்பு. பாலையில் வழிதவறிய பயணி தொலைவிலிருந்து கண்டு வந்து சேர வேண்டும் என்பதற்காகவே மேட்டில் மூட்டப்படும் பெருநெருப்பு அது. ஒருவரது நெருப்பின் உயரமே அவரது கொடையின் அளவுகோல். அத்தகைய சமூகத்தில், பிறர் கண்ணில் படாதவாறு நெருப்பு மூட்டுபவன் என்பது ஒருவரைச் சொல்லும் சொற்களிலேயே கடுமையானது. எட்டாத் தொலைவில் மின்னி மறைவது, நெருங்கினால் குளிர்காயவோ சமைக்கவோ உதவாதது. இவ்வகையில் மின்மினியும் குளம்பின் பொறியும் கஞ்சனின் அடுப்பும் ஒன்றே.

இம்மூன்றில் முதலில் தோன்றியது எது? அகராதியாளர்கள் ‘என்றும் கூறப்படுகிறது’ என்ற சொல்லோடு யாவற்றையும் அடுக்கிவிட்டு, தீர்ப்பைப் படிப்போரிடம் விட்டுள்ளனர். நமக்குத் தோன்றுவது, ஒளியின் பெயரே முந்தியது, மனிதன் பிந்தியவன் என்பதாகும். இதற்குக் காரணங்கள் உள. கஞ்சனின் செயலைப் பற்றிய விவரங்கள் நூலுக்கு நூல் மாறுகின்றன. ஒன்றில் சுள்ளி, மற்றொன்றில் அவித்துவிடுதல். சொல்லின் இரட்டித்த வடிவம் ஓர் ஆளைவிட மின்னி மறையும் ஒளிக்கே இயல்பாகப் பொருந்துகிறது. அனைத்திற்கும் மேலாக, விலங்குகளுக்குக் குன்யத் எனப்படும் ‘தந்தை’, ‘தாய்’ அடைமொழி சூட்டுவது அரபியர் மரபு. சிங்கம் அவர்களுக்கு அபுல் ஹாரிஸ். கழுதைப்புலி உம்மு ஆமிர். அபூ ஹுபாஹிப் என்பதும் முதலில் அப்பூச்சிக்கு இட்ட செல்லப்பெயராக இருந்து, பிற்காலத்தார் அதனை ஒரு மனிதனின் பெயரெனக் கொண்டு கதை புனைந்திருக்கக்கூடும். இது நம் ஊகமே. ஆயினும் சொல் பழமையானது என்பதில் ஐயமில்லை. அறியாமைக் காலப் பெருங்கவிஞர் நாபிஃகா துப்யானீ, ஃகஸ்ஸானிய மன்னரின் வீரரைப் புகழுமிடத்தில், அவர்தம் வாள்கள் கவசத்தைப் பிளந்து கல்லில் பட்டு ஹுபாஹிபின் நெருப்பை மூட்டுவதாகப் பாடியுள்ளார்.

நாணலும் எழுதுகோலும்

மின்மினிக்கு அரபில் உள்ள மற்றொரு பெயர் ‘யராஆ’. அதன் பன்மை ‘யராஃ’. இச்சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. நாணல், நாணலில் செய்த குழல், நாணலில் சீவிய எழுதுகோல், உள்ளீடற்ற நாணலைப் போல் நெஞ்சுரமற்ற கோழை, இரவில் நெருப்பெனப் பறக்கும் பூச்சி ஆகிய யாவும் இவ்வொரு சொல்லின் பொருள்கள். பகலில் பறந்தால் மற்றப் பறப்பனவற்றுள் ஒன்றாகத் தோன்றும். இரவில் பறந்தால் எறிந்த எரிகொள்ளி போலவும் பறக்கும் விளக்குப் போலவும் தோன்றும் என்று அல்ஜாஹிழ் யராஆவை விவரிக்கிறார்.

இப்பெயரே இஸ்லாமிய உலகின் புகழ்பெற்ற கதை நூலொன்றில் இடம்பெற்றது. சமஸ்கிருதப் பஞ்சதந்திரம் 6ஆம் நூற்றாண்டில், ஈரானியப் பேரரசர் குஸ்ரூ அனூஷிர்வானின் காலத்தில் பஹ்லவி மொழிக்குச் சென்றது. அங்கிருந்து 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்ஃபஃ அதனைக் ‘கலீலா வ திம்னா’ என அரபாக்கினார். அதில் ஒரு கதை. குளிர்ந்த இரவொன்றில் குரங்குக் கூட்டம் நெருப்பைத் தேடி அலைகிறது. பறந்து செல்லும் யராஆ ஒன்றைக் கண்டு தீப்பொறி என்று எண்ணி, விறகை அதன்மீது குவித்து ஊதத் தொடங்குகிறது. மரத்திலிருந்த பறவை ஒன்று, அது நெருப்பன்று எனக் கூவிச் சொல்கிறது. நிமிராததை நிமிர்த்த முயலாதே என்று வழிப்போக்கர் ஒருவர் பறவையை எச்சரிக்கிறார். கேளாத பறவை அருகே இறங்கிச் சென்று அறிவுரை கூற, குரங்கொன்று அதனைப் பிடித்துத் தரையில் அறைந்து கொன்றுவிடுகிறது.

இந்தியாவில் பிறந்த கதை அரபு நாட்டை அடைந்தபோது பூச்சியின் பெயர் மாறியது, பொருள் மாறவில்லை. ஒளி எல்லாம் நெருப்பன்று என்பதே அதன் சாரம். அரபில் நூர் (ஒளி) என்பதும் நார் (நெருப்பு) என்பதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அவ்விரண்டையும் பிரித்தறியாத குரங்குகளின் குழப்பம், அரபு மொழியில் படிக்கையில் மேலும் ஆழம் பெறுகிறது.

பாரசீகத்தின் மறுமொழி

அரபுக் கதைகளில் பயனற்ற நெருப்பாகக் கருதப்பட்ட இவ்வொளி, பாரசீகத்தில் பணிவின் உருவாயிற்று. ஷைகு ஸஅதீ ஹிஜ்ரி 655இல் (1257) நிறைவுசெய்த பூஸ்தானில் ஒரு சிறு நிகழ்வு வருகிறது. பகலில் ஏன் வெளிவருவதில்லை என ஒருவர் மின்மினியை வினவுகிறார். தான் இரவும் பகலும் வெளியில்தான் இருப்பதாகவும், கதிரவனின் முன் தன் ஒளி தோன்றுவதில்லை என்றும் அது மறுமொழி கூறுகிறது. இறைவனின் பேரொளி முன் படைப்பின் இருப்பு எத்தகையது என்பதை ஸூஃபி மரபினர் விளக்க முற்படும் பெரும் பொருள், இங்கே ஒரு பூச்சியின் நாவில் எளிமையாக வந்துவிடுகிறது.

அல்லாமா இக்பால் இம்மரபைத் தொடர்ந்தார். 1923இல் வெளியான பாரசீகக் கவிதைத் தொகுப்பாகிய பயாமே மஷ்ரிக்கில் ‘கிர்மகே ஷப்தாப்’ என்னும் கவிதையும், 1924இல் வெளியான உருதுத் தொகுப்பாகிய பாங்கே தராவில் ‘ஜுக்னூ’ என்னும் கவிதையும் உள்ளன. இக்பாலின் மின்மினி பிறரிடம் ஒளியை இரவல் வாங்காதது. விளக்கைச் சுற்றி எரிந்து மடியும் விட்டிலுக்கு எதிராகத் தன்னுள்ளேயே ஒளி கொண்டிருப்பது. அல்ஆதியாத்தை அடுத்து வரும் அல்காரிஆ அத்தியாயத்தில், மறுமை நாளில் மனிதர் சிதறடிக்கப்பட்ட விட்டில்கள் போலாவர் என்னும் உவமை வருவதை அறிந்தோர்க்கு, இவ்வெதிர்நிலையின் ஆழம் புலப்படும்.

அறிவியல் சொல்வது

பயனற்ற நெருப்பு என்னும் பழியை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. 1880களில் பிரெஞ்சு ஆய்வாளர் ரஃபாயேல் துபுவா ஒளிவிடும் உயிரிகளை ஆராய்ந்து, ‘லூசிஃபெரின்’ என்னும் பொருளும் ‘லூசிஃபெரேஸ்’ என்னும் நொதியும் சேர்வதால் ஒளி உண்டாகிறது எனக் கண்டார். மின்மினியின் உடலில் இவற்றோடு உயிர்வளியும் உயிரணுக்களின் ஆற்றல் மூலக்கூறும் கூடுகின்றன. அதில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ வெப்பமே இல்லாத ஒளி. அரபியர் குறையெனச் சொன்ன குளிர்காய உதவாத தன்மையையே அறிவியலார் வியப்பெனப் போற்றுகின்றனர். 2,000க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. மின்னும் இனங்கள் பலவற்றில் இனத்திற்கு இனம் மின்னலின் கால அளவும் இடைவெளியும் வேறுபடும். ஆணும் பெண்ணும் தம் இனத்தை இருளில் அடையாளம் காண்பது அவ்வேறுபாட்டால்தான். எனவே அது பயனற்ற நெருப்பன்று; நமக்காக மூட்டப்படாத நெருப்பு.

அந்த நெருப்பு இன்று அருகி வருகிறது. பல நாட்டு வல்லுநரின் கருத்தைத் திரட்டி 2020இல் வெளியான ஆய்வொன்று, வாழிட அழிவு, செயற்கை ஒளி, பூச்சிக்கொல்லி ஆகியவற்றை முதன்மையான அச்சுறுத்தல்களாகக் குறிப்பிட்டது. நம் மின்விளக்குகளின் வெளிச்சத்தில் அவற்றின் அழைப்பு ஒன்றையொன்று எட்டுவதில்லை. ஸஅதீயின் மின்மினி கதிரவனின் முன் மறைந்தது. இன்றைய மின்மினியோ தெருவிளக்கின் முன் மறைகிறது. மின்மினியை நேரில் காணாத தலைமுறைக்கு, ஹுபாஹிப் என்ற சொல்லின் இரண்டாம் பொருளை எந்த அகராதியைக் கொண்டு விளக்குவது?

மீண்டும் அல்ஆதியாத்

தொடங்கிய இடத்திற்குத் திரும்புவோம். தீப்பொறி பறக்கச் செய்பவை எவை என்பதில் முன்னோர் பல கருத்துகள் கூறியுள்ளனர். குதிரைகளின் குளம்புகள் என்போர் பலர். இரவில் நெருப்பு மூட்டும் வீரர்கள் என்றும், பேசும் நாவுகள் என்றும், மனிதரின் சூழ்ச்சி என்றும் உரைத்தோர் உளர். இமாம் தபரீ (இறப்பு ஹிஜ்ரி 310) இவற்றைத் தொகுத்தபின், இறைவன் ஒன்றை மட்டும் குறித்துச் சொல்லாதபோது பொறி எழுப்பும் யாவும் அதில் அடங்கும் என்று முடிக்கிறார்.

பதினொரு வசனங்களே கொண்ட இவ்வத்தியாயம் பொறியில் தொடங்கி எங்கே செல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதன் தன் இறைவனுக்கு நன்றி கெட்டவன் என்கிறது 6ஆம் வசனம். அங்கு வரும் ‘கனூத்’ என்னும் சொல்லுக்கு, தனித்து உண்பவன், தன் உதவியைத் தடுத்துக்கொள்பவன் என்னும் விளக்கம் ஓர் அறிவிப்பில் வந்துள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என இமாம் இப்னு கஸீர் சுட்டுகிறார். எனினும் சொற்பொருள் நோக்கில் விரிவுரையாளர்கள் அதனை எடுத்தெழுதியுள்ளனர். 8ஆம் வசனம், மனிதன் செல்வத்தின் மீதான நேசத்தில் கடுமையானவன் என்கிறது. ‘ஷதீத்’ என்னும் சொல்லுக்குக் கஞ்சன் என்றே பொருள் கொண்டோர் பலர்.

இரண்டாம் வசனத்தின் விரிவுரையில் ஒரு கஞ்சனின் நெருப்பு. எட்டாம் வசனத்தின் விரிவுரையில் மனிதனின் கஞ்சத்தனம். இறைவசனத்தின் நோக்கமே இதுவென்று நாம் துணிந்து கூறவில்லை. ஹுபாஹிப் என்னும் சொல் விரிவுரையாளர்கள் பயன்படுத்தியதேயன்றி அல்குர்ஆனில் வருவதன்று. எறும்பும் தேனீயும் ஈயும் கொசுவும் பெயர் பெற்ற அம்மறையில் மின்மினியின் பெயர் இல்லை. ஆயினும் அத்தியாயம் முழுவதையும் மனத்தில் கொண்டு ஓதுபவருக்கு, பழைய விரிவுரையாளர்கள் அவ்விடத்தில் அந்தக் கதையை ஏன் மறவாது எழுதி வைத்தனர் என்பது ஓரளவு விளங்கும்.

இதை அந்த மாணவருக்கு மறுநாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆசிரியர் தவறிவிட்டார் என்பதை வகுப்பு அறியலாகாதே என்ற எண்ணம் தடுத்தது. அவர் ஸனது பெற்றுச் சென்றபின், வேறொரு வகுப்பில்தான் திருத்திச் சொன்னோம். கேட்கப்பட்ட கல்வியை மறைப்பவருக்கு மறுமையில் நெருப்பாலான கடிவாளம் இடப்படும் என்னும் கருத்துடைய நபிமொழியை அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்துள்ளனர். அதனை நாமே எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். பிறர் விழித்துவிட்டால் தன் நெருப்பை அவித்துவிடும் அந்த முதியவனின் கதை பிறரைப் பற்றியது என்று எண்ணி ஓதி வந்ததே நம் பிழை.

சீன நாட்டில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சே யின் என்னும் வறிய மாணவர், விளக்கெண்ணெய் வாங்க வழியின்றி, மின்மினிகளை மெல்லிய துணிப்பையில் இட்டு அவ்வெளிச்சத்தில் இரவெல்லாம் பயின்றார் என்று அந்நாட்டார் சொல்வர். அரபு மொழியோ மின்மினிக்கும் எழுதுகோலுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறது. சின்னஞ்சிறு ஒளியும் பயன்படும். மறைத்து வைத்தால் பெருநெருப்பும் பயன்படாது. தம் ஊரின் மின்மினியை அரபு அகராதியில் கண்டெடுத்த மாணவர் இன்று எங்கிருந்தாலும், இக்கட்டுரை அவர் கேட்ட வினாவுக்கு நாம் தரும் விடையாக அவரைச் சென்றடையட்டும். ஆம், அது உங்கள் ஊர் மின்மினியேதான்.